அப்பா என்று அழைக்கும் உரிமை

சிறுவயதில், மாலை ஜெபத்தில் வேதம் வாசிக்கும் முறை எனக்கு வரும்போதெல்லாம் மாற்கு 14ஆம் அதிகாரத்தில் ஓரிடத்தில் நாக்கு தடுக்கும். கெத்செமனே தோட்டத்தில் இயேசு தரையில் விழுந்து ஜெபிக்கிறார். 'அப்பா பிதாவே' என்று தொடங்குகிறார். ஏன் இரண்டு தடவை? ஒன்று நாங்கள் வீட்டில் சொல்கிற சொல்; மற்றது கோயிலில் சொல்கிற சொல். உயிர் துடிக்கிற நேரத்தில் வீட்டுச் சொல் முந்திக்கொண்டது, பிறகு மரியாதைக்காகக் கோயில் சொல்லைச் சேர்த்துக்கொண்டார் என்று நானே ஒரு விளக்கம் செய்து வைத்திருந்தேன்.

அந்த 'அப்பா' தமிழே அல்ல என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அது அரமேயம்; இயேசு பேசிய மொழி. மாற்கு தம் நற்செய்தியைக் கிரேக்கத்தில் எழுதியபோது, அந்தச் சொல்லை மொழிபெயர்த்துவிட மனம் வராமல் ஒலியோடு அப்படியே வைத்து, பக்கத்தில் கிரேக்கப் பொருளையும் தந்தார். பவுலும் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் அதையே செய்தார். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த அரமேயச் சொல் வருவது இந்த மூன்றே இடங்களில். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அது அயல் சொல்லாக உறுத்தும். தமிழ் வாசகர் காதில் அது தன் வீட்டுத் திண்ணையிலிருந்து வருவதுபோல் விழும். இரண்டு மொழிகளுக்கும் உறவு இல்லை. ஒலி ஒன்றிப்போனது தற்செயல். ஆனாலும் அந்தத் தற்செயல், கடவுளைத் தந்தை என்று அழைப்பதன் பொருள் குறித்து இரண்டாயிரம் ஆண்டுகளாக நடக்கும் ஒரு பெரிய உரையாடலுக்குள் நம்மை நேராகக் கொண்டுவிடுகிறது. அந்த உரையாடலின் முக்கியமான திருப்பங்களைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

மழை தரும் அப்பா, தராத அப்பா

கடவுளைத் தந்தை என்று முதலில் அழைத்தவர் இயேசு என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ 15 இடங்களில் கடவுள் தந்தை எனப்படுகிறார். யாத்திராகமத்தில் இஸ்ரயேல் அவருடைய தலைமகன். உபாகமத்தில் மோசேயின் பாடல் அவரை மக்களை உண்டாக்கிய தகப்பன் என்கிறது. 103ஆம் சங்கீதம் பிள்ளைகளுக்கு இரங்கும் தகப்பனுக்கு அவரை ஒப்பிடுகிறது. எல்லாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது ஓசியா 11ஆம் அதிகாரம். தந்தை என்ற சொல் அங்கே வருவதில்லை. குழந்தைக்கு நடை பழக்கும் கை வருகிறது, தூக்கிச் சுமக்கும் தோள் வருகிறது, குனிந்து ஊட்டும் உருவம் வருகிறது. பிள்ளை தவறிப் போனபின் அதைக் கைவிட முடியாமல் தனக்குள்ளேயே புரண்டு தவிக்கும் மனமும் வருகிறது.

யூத மரபு இதைத் தொடர்ந்து பேணியது. 'எங்கள் தந்தையே, எங்கள் அரசரே' என்ற விளிப்பு இன்றும் யூதர்களின் நோன்பு நாள் மன்றாட்டில் ஒலிக்கிறது. அதன் தொடக்கத்தை ரபி அகிவாவின் மழை வேண்டுதலோடு யூதப் போதனைத் தொகுப்பான தால்முத் இணைக்கிறது.

மழையைப் பற்றித் தால்முத்தில் இன்னொரு கதையும் உண்டு. வட்டம் வரைந்து அதற்குள் நின்று மழை கேட்டவர் எனப் பெயர்பெற்ற ஹோனியின் மகள்வயிற்றுப் பேரன் ஹனான். வறட்சி வந்தால் ரபிகள் பள்ளிப் பிள்ளைகளை அவரிடம் அனுப்புவார்கள். பிள்ளைகள் அவர் அங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, அப்பா, எங்களுக்கு மழை தா என்று கெஞ்சுவார்கள். அவர் கடவுளை நோக்கி, மழை தரக்கூடிய அப்பாவுக்கும் தர முடியாத அப்பாவுக்கும் வேறுபாடு தெரியாத இந்தப் பிள்ளைகளுக்காகச் செய்யும் என்று வேண்டுவாராம். அந்தக் கிழவருடைய மனத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தன்னை அப்பா என்று அழைத்தவர்களை அவர் திருத்தவில்லை. தனக்கு வந்த அழைப்பை உரியவரிடம் சேர்த்துவிட்டார். மண்ணில் தகப்பனாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் இதில் பாடம் உண்டு.

மழலையா, மரியாதையா?

ஆகவே இயேசுவிடம் புதிதாக இருந்தது எது? இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்வியை மையத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ். இளம்பருவத்தின் சில ஆண்டுகளை எருசலேமில் கழித்தவர். அவர் நற்செய்திகளில் இயேசு கடவுளைத் தந்தை என்று குறிப்பிடும் இடங்களை எண்ணினார்: மாற்கில் 4, லூக்காவில் 15, மத்தேயுவில் 42, யோவானில் 109. நற்செய்திகள் எழுதப்பட்ட காலம் நகர நகர இச்சொல் பெருகுவதை இந்த எண்களே காட்டுகின்றன. ஆயினும் அடியில் உள்ள வேர் இயேசுவின் சொந்தச் சொல்தான் என்றார் எரேமியாஸ். ஒரு தனி யூதர் கடவுளை 'அப்பா' என்று நேரடியாக விளித்து ஜெபித்ததற்கு அதற்கு முன் சான்றில்லை. அது வீட்டின் நெருக்கச் சொல். அதை ஜெபத்தில் துணிந்து வைத்தவர் இயேசு என்பது அவர் வாதம்.

இந்த வாதம் பிரசங்க மேடைகளுக்குப் போனபோது எளிமைப்பட்டுவிட்டது. அப்பா என்றால் மழலைச் சொல், தவழும் குழந்தையின் கொஞ்சல் என்று உலகெங்கும் பிரசங்கித்தார்கள். எரேமியாஸே அந்த அளவுக்குப் போவதைப் பின்னர் மறுத்தார். 1988இல் வேத அறிஞர் ஜேம்ஸ் பார் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். இயேசுவின் காலத்தில் வளர்ந்த ஆண்களும் பெண்களும் தங்கள் தகப்பனை அப்பா என்றே அழைத்தார்கள். கிரேக்கத்தில் மழலைக்குரிய சொல் தனியாக இருந்தும் நற்செய்தியாளர்கள் அதைத் தொடவில்லை. முதிர்ந்தவர்களின் சொல்லையே எழுதினார்கள். எனவே அப்பா என்பதில் நெருக்கம் உண்டு, குழந்தைத்தனம் இல்லை என்றார் பார்.

இந்த விவாதத்தை ஆங்கிலத்தில் படிக்கும் தமிழருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அவர்கள் இவ்வளவு பாடுபட்டு நிறுவியதை நம் வீடுகள் தினமும் நிறுவிக்கொண்டிருக்கின்றன. இரண்டு வயதுக் குழந்தையும் அப்பா என்கிறது. அறுபது வயதில் மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கும் மகனும் அப்பா என்கிறான். சொல் மாறுவதில்லை. அதற்குள் இருக்கும் எடை மாறுகிறது. பல வீடுகளில் அம்மாவுக்கு 'நீ', அப்பாவுக்கு 'நீங்க'. ஆனால் ஜெபத்தில் நாம் 'அப்பா, நீர்' என்கிறோம். நெல்லைச் சீமையில் இன்றும் பேச்சில் உயிரோடு இருக்கும் இந்த 'நீர்', ஒட்டுதலையும் ஒதுங்கிய மரியாதையையும் ஒன்றாகத் தாங்குகிறது. எரேமியாஸ் கண்ட நெருக்கமும் பார் வற்புறுத்திய முதிர்ச்சியும் நம் ஜெபத்தின் முதல் இரண்டு சொற்களிலேயே கூடிவிடுகின்றன.

தந்தை என்ற சொல்லுக்கு ஓர் அரசியல் கூர்மையும் இருந்தது. கி.மு. 2இல் அகுஸ்து பேரரசருக்கு 'நாட்டின் தந்தை' என்ற பட்டம் வழங்கப்பட்டது. உரோமச் சட்டத்தில் குடும்பத் தலைவனுக்குத் தன் பிள்ளைகளின் உயிர்மீதே அதிகாரம் உண்டு. அந்த உலகத்தில், பூமியில் எவரையும் தந்தை என்று அழைக்க வேண்டாம் என்று மத்தேயுவில் இயேசு சொல்கிறார். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இன்னும் நுட்பமான ஓரிடம் இருக்கிறது. தம்மைப் பின்பற்றுபவர்கள் விட்டுவருவனவற்றின் பட்டியலில் வீடு, சகோதரர், சகோதரி, தாய், தகப்பன், பிள்ளைகள், நிலம் என எல்லாம் உண்டு. அவர்கள் நூறு மடங்காகத் திரும்பப் பெறுவனவற்றின் பட்டியலில் தகப்பன் மட்டும் இல்லை. புதிய குடும்பத்தில் அந்த நாற்காலியில் வேறொரு மனிதன் உட்காரக் கூடாது. 1983இல் வெளிவந்த நூலில் பெண்ணிய இறையியலாளர் எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா இந்த இடங்களைக் கொண்டே ஒரு வலுவான வாதத்தை எழுப்பினார்: கடவுளைத் தந்தை என்பது ஆணாதிக்கத்துக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டல்ல, அதற்கு விதித்த தடை.

புத்திர சுவிகாரம்

பவுலின் பங்களிப்பு இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. அப்பா என்று கூப்பிட நமக்கு என்ன உரிமை என்று அவர் கேட்கிறார். விடையாக அவர் வைப்பது ஒரு சட்டச் சொல். பழைய தமிழ் வேதாகமம் அதைப் 'புத்திர சுவிகாரம்' என்று பெயர்த்தது. பவுலின் பெயரிலுள்ள நிருபங்களில் அச்சொல் 5 இடங்களில் வருகிறது.

உரோமில் தத்தெடுப்பு பெரும்பாலும் வளர்ந்த ஆண்களைப் பற்றியது. தத்துப்போனவர் பழைய குடும்பத்தின் அதிகாரத்திலிருந்து விடுபட்டார். புதிய பெயரும் முழு வாரிசுரிமையும் பெற்றார். ஜூலியஸ் சீசரின் உயில் ஒக்தாவியனை மகனாக்கியது. அகுஸ்து பேரரசராகிவிட்ட ஒக்தாவியன் கி.பி. 4இல் திபேரியுவை மகனாக்கினார். கி.பி. 50இல் கிளவுதியு நீரோவை மகனாக்கினார். பவுல் உரோமருக்கு எழுதிய ஏறத்தாழ 57ஆம் ஆண்டில் அரியணையில் இருந்த நீரோ ஒரு சுவீகாரப் பிள்ளை. பேரரசர்கள் அரசுரிமைக்காகச் செய்துகொண்ட அந்த ஏற்பாட்டின் சொல்லை எடுத்து, அந்நகரின் அடிமைகளும் கைவினைஞர்களும் பெண்களும் அடங்கிய சிறு கூட்டத்துக்குப் பவுல் கொடுத்தார். நீங்களும் மகன்கள், நீங்களும் வாரிசுகள் என்றார்.

சுவீகாரம் என்ற சொல்லைத் தமிழர் பத்திரப் பதிவு வழக்கத்திலிருந்து அறிவோம். நம் வழக்கத்தில் அது பிள்ளையில்லாத வீட்டின் ஏக்கம். சொத்துக்கும் கொள்ளிக்கும் ஒருவன் வேண்டும் என்ற தேவை. பவுல் காட்டும் தந்தைக்கு அந்தக் குறை இல்லை. அவருக்கு ஒரு மகன் இருக்கிறார். மகன் இருக்கும் வீட்டில் இத்தனை பேரைச் சேர்த்துக்கொள்வது தேவையால் நடந்ததன்று; அன்பு நிறைந்து வழிந்ததால் நடந்தது.

இங்கே நம் நாட்டு நிலை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஞாயிறுதோறும் தங்களைத் தத்துப்பிள்ளைகள் என்று அறிக்கையிடும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு, ஒரு குழந்தையைத் தத்தெடுக்கத் தனிச் சட்டம் இருந்ததில்லை. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கும் அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்ட பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் உரியது. மற்றவர்கள் பொதுவாக 1890ஆம் ஆண்டின் சட்டப்படி பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. பாசம் இருந்தது, மகன், மகள் என்ற சட்டத் தகுதி கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும்தான் மத வேறுபாடின்றி வழியைத் திறந்தன. 2014இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதுகாவலருக்கும் தந்தைக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தக் குடும்பங்கள் தாள்களில் அனுபவித்தன. பவுல் பேசியதும் அதே தூரத்தைத்தான். கடவுள் நமக்குப் பாதுகாவலராக மட்டும் இருந்துவிடவில்லை என்பதே அவர் சொல்ல வந்த செய்தி.

தமிழின் புகழ்பெற்ற கிறிஸ்தவக் காப்பியமும் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. இத்தாலியில் பிறந்து தமிழ் மண்ணில் வாழ்ந்த வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அதன் தலைவன் இயேசு அல்லர்; வளன் என்று அவர் தமிழாக்கிய யோசேப்பு, இயேசுவின் வளர்ப்புத் தந்தை. மத்தேயு நற்செய்தியில் யோசேப்பு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. குழந்தைக்குப் பெயரிடுகிறார், இரவோடு இரவாக எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பெயரிட்டதாலேயே அவர் சட்டப்படி தந்தை ஆகிறார். எல்லாக் குழந்தைகளையும்போல் இயேசுவும் அப்பா என்ற சொல்லை வீட்டில்தான் கற்றிருப்பார் என்றால், அதை அவர் முதலில் சொன்னது நாசரேத்துத் தச்சர் ஒருவரைப் பார்த்துத்தான். கடவுளை அழைக்கும் சொல்லுக்கு ஒரு வளர்ப்புத் தந்தையின் வாசனை இருக்கிறது.

என்றும் தந்தை

நான்காம் நூற்றாண்டில் சர்ச்சை வேறு தளத்துக்கு ஏறியது. மகன் இல்லாத நிலை ஒன்று இருந்தது என்றார் அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ். அப்படியானால் கடவுள் தந்தையாக இல்லாத நிலையும் இருந்திருக்கும். தந்தைமை என்பது அவர் பின்னால் ஏற்ற ஒரு பொறுப்பாகிவிடும். 325இல் கூடிய நைசேயா சங்கம் இதை மறுத்தது. அத்தனாசியுஸ் வாழ்நாள் முழுக்க இதற்காக வாதாடினார். படைப்புகளைக் கொண்டு கடவுளைப் 'படைக்கப்படாதவர்' என்று அழைப்பதைவிட, மகனைக் கொண்டு அவரைத் 'தந்தை' என்று அழைப்பதே மேலானது என்பது அவர் நிலைப்பாடு.

இது வறட்டுத் தத்துவமாகத் தோன்றலாம். இதன் விளைவு நம் ஜெப அறைவரை வருகிறது. கடவுள் முதலில் அரசரும் நீதிபதியுமாக இருந்து, பிறகு மனமிரங்கித் தந்தையானவர் என்றால், எப்போது வேண்டுமானாலும் அவர் பழைய ஆசனத்துக்குத் திரும்பலாம். அவர் என்றும் தந்தையே என்றால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. முந்தைய நூற்றாண்டிலேயே கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான், கர்த்தருடைய ஜெபத்தில் நாம் 'என் தந்தையே' என்று சொல்லாமல் 'எங்கள் தந்தையே' என்று சொல்வதைக் கவனிக்கச் சொன்னார். தனியாக ஜெபிக்கும்போதும் ஒருவர் கூட்டமாகவே ஜெபிக்கிறார்.

மார்ட்டின் லூத்தர், கடவுளை நீதிபதியாக எண்ணி நடுங்கும் அச்சத்தின் வழியாகவே வந்தவர். 1507இல் முதல் திருப்பலி நிறைவேற்றும்போது கடவுளை நேரே விளிக்க வேண்டிய இடத்தில் நடுங்கிப்போனதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதே மனிதர் தம் சிறிய ஞானோபதேசத்தின் 1531ஆம் ஆண்டுப் பதிப்பில், அன்பான பிள்ளைகள் அன்பான தகப்பனிடம் கேட்பதுபோல் தயக்கமின்றிக் கேட்கவே இந்த ஜெபம் நம்மை அழைக்கிறது என்று வீட்டுத் தலைவர்களுக்கு விளக்கினார். இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றத்துக்குச் சோதனை 1542இல் வந்தது. 13 வயது மகள் மக்தலேனா சாகக் கிடந்தாள். இந்த அப்பாவோடு இருக்கவும் உனக்கு விருப்பம்தான், அங்கிருக்கும் அப்பாவிடம் போகவும் விருப்பம்தான், அல்லவா என்று லூத்தர் அவளிடம் கேட்டார். கடவுளின் விருப்பப்படி ஆகட்டும் என்றாள் பிள்ளை. அவர் கைகளிலேயே உயிர் பிரிந்தது. தந்தை என்ற சொல்லின் இரு பொருளும் ஒரே அறையில் நின்ற கணம் அது. இறையியல் நூல்களின் பல அதிகாரங்களைவிட அந்தக் கட்டிலோரக் கேள்வி எனக்கு அதிகம் சொல்கிறது.

ஓடிவரும் கிழவர்

கிறிஸ்தவ மனத்தில் தந்தைக் கடவுளின் உருவத்தை வரைந்தது லூக்கா 15ஆம் அதிகாரத்துக் கதை. கெட்ட குமாரன் கதை என்கிறோம். தகப்பன் கதை என்பதே பொருத்தம். எகிப்து, லெபனான், எருசலேம் என்று மத்தியக் கிழக்கில் பல பத்தாண்டுகள் கற்பித்த கென்னத் பெய்லி, அப்பகுதிக் கிராமத்தாரிடம் இக்கதையைக் கேட்டுக் கேட்டு 1976இல் ஒரு நூல் எழுதினார். தகப்பன் உயிரோடிருக்கையில் மகன் பங்கு கேட்பது, நீ எப்போது சாவாய் என்று கேட்பதற்குச் சமம் என்று அவர்கள் சொன்னார்கள். பெரிய மனிதர் தெருவில் ஓட மாட்டார். அங்கியைத் தூக்கிக் கால் தெரிய ஓடுவது மானக்கேடு. ஊரார் மகனை வழியிலேயே அவமதிப்பதற்குள் அந்த அவமானத்தைத் தான் ஏற்கவே கிழவர் ஓடினார் என்று பெய்லி விளக்கினார்.

யூத அறிஞர் ஏமி ஜில் லெவைன் 2014இல் வெளிவந்த நூலில் இதை எதிர்த்தார். மகன் திரும்பி வந்தால் எந்த யூதத் தகப்பனும் ஓடித்தான் போவான்; இயேசுவை உயர்த்துவதற்காக யூதத் தகப்பன்மாரைக் கல்நெஞ்சராக்க வேண்டாம் என்பது அவர் கண்டிப்பு. அந்தக் கண்டிப்பு நமக்கும் வேண்டும். கதையின் வலிமை தகப்பனின் அபூர்வத்தில் இல்லை. பிள்ளையைப் பார்த்ததும் எந்த அப்பனுக்கும் கால் தானாக ஓடும் என்று கேட்பவர்கள் அறிந்திருந்ததால்தான், கடவுளும் அப்படித்தான் என்ற செய்தி அவர்கள் நெஞ்சில் தைத்தது.

ரெம்பிராண்ட் தம் கடைசி ஆண்டுகளில் இக்காட்சியை வரைந்தார். புனித பீட்டர்ஸ்பர்க்கின் எர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியம் இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரமானது. மகனின் தலை மழிக்கப்பட்டிருக்கிறது. ஒரு காலில் செருப்பு கழன்று, தேய்ந்த உள்ளங்கால் நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. தகப்பனின் கண்கள் மங்கியவை. அவர் கைகளால் பார்க்கிறார். அந்தக் கைகள் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று அகன்று, விரல்கள் அழுத்திப் பிடிக்கிறது. மற்றது மெலிந்து, தடவிக்கொடுக்கிறது. ஒன்று அப்பாவின் கை, மற்றது அம்மாவின் கை என்று பலர் பார்த்திருக்கிறார்கள். மனைவி சாஸ்கியாவைப் பறிகொடுத்தவர் ரெம்பிராண்ட். 1668இல் மகன் தீத்துஸையும் இழந்தார். மறு ஆண்டில் தாமும் இறந்தார். ஹென்றி நோவன் என்ற குருவானவர் 1986இல் இந்த ஓவியத்தின் முன் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தார். 1992இல் வெளியிட்ட நூலில், இளைய மகனாகவும் மூத்த மகனாகவும் தம்மைக் கண்டபின், தகப்பனாக ஆவதே தமக்கு விடுக்கப்பட்ட அழைப்பு என்று முடித்தார்.

வலிக்கும் சொல்

இவ்வளவும் சொன்னபின், இச்சொல்லால் காயப்படுகிறவர்களைக் கடந்துபோக முடியாது. எங்கள் சபையில் ஓர் இளைஞர் ஒருமுறை என்னிடம், கர்த்தருடைய ஜெபத்தில் 'பிதாவே' என்ற வார்த்தை வரும்போது தாம் வாயை மூடிக்கொள்வதாகச் சொன்னார். அவருக்கு அப்பா என்றால் சாராய வாடை, கதவு உதைபடும் ஓசை, அம்மாவின் அழுகை.

சிந்தனையாளர்கள் இக்கேள்வியைப் பல வழிகளில் எழுப்பினார்கள். 1927இல் ஃபிராய்டு, கடவுள் என்பது குழந்தைப் பருவத் தகப்பனின் பெரிதாக்கப்பட்ட நிழல் என்றார். 1979இல் ஆனா மரியா ரிசூட்டோ மனநோயாளிகளோடு பணியாற்றிய அனுபவத்திலிருந்து அதைத் திருத்தினார்: கடவுளின் உருவம் தகப்பனிடமிருந்து மட்டும் வருவதில்லை, அம்மா, பாட்டி, தாத்தா, கூடப்பிறந்தோர் என எல்லோரிடமிருந்தும் திரண்டு வருகிறது, வாழ்நாள் நெடுக மாறவும் செய்கிறது. 1990இல் உளவியலாளர்கள் லீ கிர்க்பாட்ரிக்கும் பிலிப் ஷேவரும் இரு பாதைகளைச் சுட்டினார்கள். சிலருக்குப் பெற்றோரோடு அமைந்த உறவே கடவுளோடும் தொடர்கிறது. சிலருக்குப் பெற்றோரிடம் கிடைக்காததைக் கடவுள் நிரப்புகிறார். எங்கள் இளைஞர் முதல் பாதையில் தடுக்கி நின்றார். இரண்டாம் பாதையும் உண்டு என்பது ஆறுதல்.

பெண்ணிய இறையியல் இன்னும் அடிப்படையான கேள்வியை வைத்தது. கடவுள் ஆண் என்றால் ஆண் கடவுளாகிவிடுகிறான் என்பது 1973இல் மேரி டேலி எழுப்பிய குற்றச்சாட்டு. அவர் திருச்சபையை விட்டே விலகி நடந்தார். எலிசபெத் ஜான்சன் 1992இல், உள்ளேயே நின்று, வேதத்தில் இருக்கும் தாய்மை உருவங்களை மீட்டெடுத்தார். ஏசாயா 66இல் கடவுள் தேற்றுகிற தாய். பதினான்காம் நூற்றாண்டில் நாரிச் நகர ஜூலியன் இயேசுவையே தாய் என்று தியானித்தார். 1978இல் முதலாம் யோவான் பவுல் திருத்தந்தை, தம் 33 நாள் பணிக்காலத்தில், கடவுள் தந்தை, அதைவிட மேலாகத் தாய் என்ற பொருளில் பேசினார். சிவனை அம்மையப்பன் என்று அழைத்துப் பழகிய தமிழ் மண்ணுக்கு இது அந்நியமாக ஒலிக்காது. ரெம்பிராண்டின் இரண்டு கைகளை மறுபடியும் நினைத்துக்கொள்கிறேன்.

தமிழில் ஒரு சொல்லின் பயணம்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்தவர்களின் துணையோடு ஜெபங்களைத் தமிழாக்கி, கையில் மணி அடித்தபடி தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். பரவர் குடியிருப்புகளில் கடவுளைத் தந்தை என்று அழைக்க முதலில் கற்றவர்கள் குழந்தைகளே. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அந்த ஜெபங்களைத் தாளுக்குக் கொண்டுவந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். வேதாகமத்தை மொழிபெயர்த்த ஃபப்ரிசியஸ் வழியாக 1871ஆம் ஆண்டின் வேதாகமம்வரை 'பிதா' என்ற சொல் நிலைத்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு 'தந்தை'யைத் தேர்ந்தது. எருசலேமில் ஒலிவ மலைமேல் இருக்கும் கோயிலின் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் இந்த ஜெபம் ஓடுகளில் பதிக்கப்பட்டிருக்கிறது. தமிழும் அங்கே இருக்கிறது.

அண்மைப் பத்தாண்டுகளில் எழுப்புதல் கூட்டங்களும் புதிய பாடல்களும் 'அப்பா'வை மேடைக்குக் கொண்டுவந்தன. பிதா, தந்தை, அப்பா என்று சொல் படிப்படியாகக் கோயிலிலிருந்து வீட்டுக்கு இறங்கிவந்திருப்பது நல்லதே. கூடவே ஓர் ஆபத்தும் வந்திருக்கிறது. ராஜாவின் பிள்ளைக்குக் காரும் பங்களாவும் கேட்க உரிமையுண்டு என்ற பிரசங்கம், அப்பாவைக் கேட்டதும் பணம் தரும் இயந்திரமாக்குகிறது. இயேசு கற்றுத்தந்த ஜெபம் கேட்பது அன்றாட அப்பத்தை. அந்த ஜெபத்தின் சொற்களைத் தந்தையின் இயல்பைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் நினைவூட்டினார். எந்தத் தகப்பனும் பிள்ளையைச் சோதனைக்குள் தள்ளிவிட்டு விழுவதை வேடிக்கை பார்ப்பதில்லை என்றார். 2020இல் நடைமுறைக்கு வந்த இத்தாலியத் திருப்பலி நூலில் சோதனையைப் பற்றிய வரி மாற்றப்பட்டது.

இத்தனை நூற்றாண்டுச் சிந்தனையையும் தொகுத்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று தெளிவாகிறது. நாம் நம் அப்பாக்களை அளவுகோலாக வைத்துக் கடவுளை அளந்தால், நல்ல அப்பா வாய்த்தவர்களுக்கு மட்டுமே இந்த விசுவாசம் சாத்தியம். கிறிஸ்தவம் வேறிடத்தில் தொடங்குகிறது. தந்தையை அறிந்த மகன் ஒருவர் இருக்கிறார். அவர் தம் வீட்டுச் சொல்லை நம் வாயில் வைக்கிறார். சுவீகாரம் என்பது அதுதான். பிறப்பால் வராத உரிமை கொடையாக வருகிறது. அந்தச் சொல்லைக் கொண்டு நம் அப்பாக்களையும், அப்பாக்களாக நம்மையும் அளந்துபார்க்கும் கடமையும் கூடவே வருகிறது.

அந்த இளைஞரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஒரு பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்றபோது அவராகவே பேசினார். "அண்ணாச்சி, தோட்டத்துல இயேசு அப்பான்னு கூப்பிட்டாரே, அவரு கேட்டது அவருக்கும் கிடைக்கலையே. அந்தப் பாத்திரம் நீங்கலையே. அப்பவும் அவரு அந்தப் பேரை மாத்திக் கூப்பிடலை."

நான் பதில் சொல்லவில்லை. என் சிறுவயதுக் கேள்விக்கு அவர் விடை வைத்திருந்தார் என்று தோன்றியது. ஆறுதல் கிடைத்த இடத்திலிருந்து எழுந்த சொல் அல்ல அது. வியர்வை சிந்திய தரையிலிருந்து எழுந்தது. மறுமொழி வராத இரவிலும் மாறாத சொல்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் தொடங்கும்போது நான் காதைத் தீட்டிக்கொள்கிறேன். 'பிதாவே' என்பதற்கு அவர் வாய் இன்னும் உடனே திறப்பதில்லை. சபையோடு 'எங்கள்' என்பதை மட்டும் சொல்கிறார். அதன்பின் ஒரு மூச்சளவு பிந்தி, மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போனபிறகு, அந்தச் சொல் தனியாக வருகிறது.